முழுநேரமா, பகுதிநேரமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறை படித்துவிட்டு, நாள் முழுதும் அலுவலகக் கணினியில் தரவுகளைப் பதிவதா? குறும்படம் எடுக்க, கதை எழுதப் பகுதிநேர வேலையே போதும் என்று தோன்றும்.

முதலில் கணக்கு. மணிக்கு 12 வெள்ளி, வாரம் 20 மணி நேரம் என்றால் நான்கு வாரத்திற்கு 960 வெள்ளி. மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போகக் கையில் 768. முழுநேரச் சம்பளம் 2,500 என்றால் கையில் 2,000. முதலாளி 17 விழுக்காடு, அதாவது 425 வெள்ளி, சேம நிதியில் சேர்ப்பார். (பகுதிநேர ஊழியருக்கும் முதலாளியின் சந்தா உண்டு. விசாரிக்கத் தயங்காதீர்கள்.)

பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு, கல்விக் கடன் இல்லையென்றால், 768 வெள்ளி ஓராண்டு தாங்கும். தம்பி தங்கையின் செலவைப் பார்ப்பவருக்குத் தாங்காது.

சலிப்பான வேலையை அவ்வளவு பழிக்கவும் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு முடிந்து, மனத்தில் எதையும் ஏற்றி அனுப்பாத வேலை எழுதுபவருக்கு வசதிதான். எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிக் குவித்தார். எழுத்தைக் கெடுப்பது சலிப்பைவிட, சுழல்முறையும் மிகைநேரமும்தான். நேர்காணலிலேயே அவற்றைக் கேட்டுவிடுங்கள்.

வேலையை விடும் முன், தங்கமுனை விருதுக்கு அனுப்பும் தரத்தில் ஒரு சிறுகதையை வார இறுதிகளில் முடித்துப் பாருங்கள். முடிந்ததா, எத்தனை வாரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டு, பிறகு வீட்டில் பேசலாம்.