தகடு வெட்டும் இயந்திரமும் வரைபட ஒழுங்கும்

மும்பை நகரின் தாராவிப் பகுதியில் தோல் பொருள்கள் செய்யும் பட்டறைகள் பல உண்டு. அங்கே தோலை வெட்டும் தொழிலாளி, அட்டையில் செய்த மாதிரி வடிவத்தைத் தோலின்மீது வைத்துக் கோடு கிழித்துக்கொள்கிறார். அக்கோடுகள் யாவும் வெட்டுவதற்கு உரியவை அல்ல. ஒன்று வெட்டுக்கோடு, மற்றொன்று மடிப்புக்கோடு, வேறொன்று தையல் செல்லும் வழி. எந்தக் கோடு எதற்கு என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிவார்.

இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா இயந்திரத்திற்கு அத்தகைய அனுபவம் இல்லை. அளவைக் காட்டும் கோடாயினும், மடிப்பைக் காட்டும் கோடாயினும், வெட்டு என்று கட்டளை வந்தால் அது வெட்டிவிடும். 2500 மில்லிமீட்டர் நீளமும் 1250 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் எஃகுத் தகட்டின் எடை ஏறத்தாழ 245 கிலோகிராம். தவறாக வெட்டிய தகட்டை முன்போல் ஆக்க இயலாது. சிறு பட்டறையில் ஒரு தகடு வீணானால் அந்த வேலையின் ஆதாயம் முழுவதும் போய்விடக்கூடும். இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி பெரும்பாலும் வரைபடத்தை ஒழுங்காக அமைப்பதிலேயே உள்ளது.

வரைபவரும் வெட்டுபவரும்

தாராவியை அடுத்த மாட்டுங்காவில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை 1915-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 1887-இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையம் என்னும் பெயரில் தோன்றி, இன்று வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிலையம் என வழங்கும் கல்விக்கூடமும் மாட்டுங்காவிலேயே உள்ளது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பிளாஸ்மா டார்ச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி அங்கு நடந்துள்ளது. இவ்வாறு வரைபடம் கற்போரும் உலோக வேலை செய்வோரும் சில கிலோமீட்டர் தூரத்திற்குள்ளேயே இருக்கின்றனர். எனினும் ஒரு பொருளை வரைபவர் ஒருவர். அதைத் தகட்டில் வெட்டித் தருபவர் வேறொருவர். வரைந்தவரின் கருத்து, அவர் அனுப்பும் வரைபடத்தின் வாயிலாகவே வெட்டுபவரை அடைதல் வேண்டும்.

பிளாஸ்மா வெட்டு

வாயுவை மின்வில்லின் வழியே செலுத்தி மிகுந்த உஷ்ணமடையச் செய்தால், அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிகின்றன; வாயு மின்சாரத்தைக் கடத்தும் தன்மை பெறுகிறது. இந்நிலைக்கு 'பிளாஸ்மா' என்னும் பெயரை 1928-இல் வழங்கியவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் ஆவார். குறுகிய துளையுள்ள தாமிர நாசில் வழியே இது பல்லாயிரம் டிகிரி உஷ்ணமுள்ள மெல்லிய தாரையாக வெளிப்படுகிறது. தாரையின் உஷ்ணம் உலோகத்தை உருக்குகிறது. அதன் வேகம் உருகிய உலோகத்தை ஊதித் தள்ளுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ராபர்ட் கேஜ் என்பவர் உருவாக்கிய வெட்டு டார்ச்சுக்கு 1957-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆக்ஸி-அசிடிலீன் சுடரால் எளிதில் வெட்ட இயலாத அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றையும் இம்முறையால் வெட்டலாம்.

எண்களால் இயந்திரத்தை நடத்தும் முறையும் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றியது. 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் அத்தகைய இயந்திரம் ஒன்று இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் கணினி இதனுடன் இணைந்தது. 'சி.என்.சி.' என இன்று பட்டறைகளில் வழங்குவது இம்முறையே.

கோடுகளை அடுக்குகளாகப் பிரித்தல்

கையால் வரைந்த காலத்தில், சிக்கலான வரைபடங்களைப் பல ஒளிபுகும் தாள்களில் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. கணினி வரைபடத்தில் 'லேயர்' எனப்படும் அடுக்கும் அத்தகையதே. ஓர் அடுக்கிலுள்ள கோடுகள் யாவும் ஒரே வேலைக்கு உரியனவாக இருத்தல் வேண்டும் என்பதே முதன்மையான விதி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 10 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில், 300 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அடித்தகடு ஒன்று தேவை. நடுவில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை; மூலைகளில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு துளைகள்; ஓரத்தில் ஓர் அடையாள எண். இதற்கு ஐந்து அடுக்குகள் போதுமானவை.

முதலாவது, வெளிவெட்டு: தகட்டின் புற எல்லை மட்டும். இரண்டாவது, உள்வெட்டு: நடுத்துளை. மூன்றாவது, குறியிடல்: அடையாள எண், குறைந்த மின்னோட்டத்தில் மேற்பரப்பில் மட்டும் பதியும். நான்காவது, துளை மையம்: மூலைத் துளைகள். தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளையைப் பிளாஸ்மாவால் செவ்வையாக வெட்டுவது அரிது. ஆதலால் மையத்தை மட்டும் குறித்துவிட்டு, பின்னர் துரப்பணத்தால் துளையிடுதல் நன்று. ஐந்தாவது, குறிப்பு: அளவுகள், தலைப்பு, மையக்கோடுகள், இவ்வடுக்கை இயந்திரத்திற்கு அனுப்பலாகாது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறம் தந்தால் தவறு கண்ணுக்கு உடனே புலப்படும்.

வெட்டு விதிகள்

அடுக்குகள் பிரிந்தபின் ஒவ்வொன்றுக்கும் உரிய விதியை எளிதில் விதிக்கலாம். வரிசை முறையில் குறியிடல் முதலில், உள்வெட்டு அடுத்து, வெளிவெட்டு இறுதியில் நிகழ வேண்டும். வெளி எல்லையை முதலில் வெட்டினால் துண்டு தாய்த்தகட்டிலிருந்து விடுபட்டு நகரும் அல்லது சாயும். அதன்பின் வெட்டும் துளை உரிய இடத்தில் அமையாது. சாய்ந்த துண்டின்மீது டார்ச் மோதுவதும் உண்டு.

பிளாஸ்மாத் தாரை உலோகத்தில் ஒரு தடத்தை அழித்துச் செல்கிறது. தொழிலாளர் 'கெர்ஃப்' என்று கூறும் இவ்வெட்டு அகலம் 2 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். டார்ச் கோட்டின்மீதே சென்றால், இருபுறமும் 1 மில்லிமீட்டர் வீதம் உலோகம் போய்விடும். அப்பொழுது அடித்தகடு 298, 198 என்னும் அளவிலும், நடுத்துளை 102 என்னும் அளவிலும் அமையும். ஆகவே வெளிவெட்டில் டார்ச் கோட்டிற்கு வெளியே 1 மில்லிமீட்டரும், உள்வெட்டில் உள்ளே 1 மில்லிமீட்டரும் விலகிச் செல்ல வேண்டும். இவ்விரு எல்லைகளும் ஒரே அடுக்கில் கலந்திருப்பின் எப்பக்கம் விலகுவது என்னும் குழப்பம் நேரும். மேலும், இவ்வீட்டை வரைபவரும் செய்து இயந்திரமும் செய்தால், தகடு 302, 202 என்று பெருத்துவிடும். வரைபடம் எப்பொழுதும் உண்மை அளவிலேயே இருக்க, ஈடு இயந்திரத்தின் பக்கத்தில் ஒருமுறை மட்டும் செய்யப்படுதல் பொருத்தமாகும்.

திசையும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான டார்ச்சுகளில் வாயு சுழன்று இறங்குவதால், டார்ச் செல்லும் திசைக்கு வலப்புறமுள்ள விளிம்பு செங்குத்தாகவும், இடப்புற விளிம்பு சற்றுச் சாய்ந்தும் அமைகின்றன. நல்ல விளிம்பு பொருளின் பக்கம் அமைவதற்கு, வெளிவெட்டு கடிகார முள் செல்லும் திசையிலும், உள்வெட்டு அதற்கு எதிர்த்திசையிலும் செல்லுதல் வேண்டும். தகட்டைத் துளைத்துத் தொடங்கும் இடத்தில் உருகிய உலோகம் சிதறிக் கரடு உண்டாகும். ஆகையால் தொடக்கம் கழிவுப் பகுதியிலேயே இருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

மூன்று சோதனைகள் இன்றியமையாதவை. முதலில், ஒவ்வொரு வெட்டு எல்லையும் இடைவெளியின்றி மூடியதா எனக் காணவேண்டும். முனைகள் இணையாவிடில் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று மென்பொருள் அறியாது. அடுத்து, ஒரே கோடு இருமுறை வரையப்பட்டுள்ளதா எனக் காணவேண்டும். இரண்டாம் முறை செல்லும் டார்ச்சின் கீழே உலோகம் இராது. மின்வில் அணையும் அல்லது டார்ச் தாழ்ந்து இடிபடும். இறுதியாக, ஓர் அளவையேனும் கணினியில் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிவிட்டால் பொருள் 25.4 மடங்கு பெருகும் அல்லது சுருங்கும்.

பெயர்ப்பலகை வெட்டுவோர் எழுத்தின் இயல்பையும் கருதவேண்டும். மராத்தி மொழி எழுதப்படும் தேவநாகரியில் தலைக்கோடு எழுத்துகளைப் பிணைப்பதால் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும். தமிழில் எழுத்துகள் தனித்தனியே உதிரும். மெய்யெழுத்தின் புள்ளியும் தனியே பிரிந்துவிடும். எழுத்தையே துளையாக வெட்டும் பலகையிலோ, 'க', 'ச' போன்றவற்றின் மூடிய வளையத்தின் உட்பகுதி விழுந்துவிடும். இவ்விடங்களில் சிறு பாலம் ஒன்றை வரைபடத்திலேயே அமைத்தல் வேண்டும்.

பாதுகாப்பும் பயிற்சியும்

மின்வில்லின் புற ஊதாக் கதிர்கள் கண்ணுக்குத் தீங்கானவை. உரிய நிறக்கண்ணாடி அணிதல் கட்டாயமாகும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெட்டும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். குறுகிய அறைகளில் புகையை வெளியேற்றும் விசிறி அமைப்பது அவசியம்.

இயந்திரம் இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தைக் கற்பிக்கலாம். மாணவன் ஒருவன் மேற்கண்ட அடித்தகட்டை வெண்ணெய்த்தாள்களில், அடுக்குக்கு ஒரு தாளாக வரையட்டும். பொருளைப் பற்றி ஏதும் அறியாத மற்றொரு மாணவன், அத்தாள்களை மட்டும் கொண்டு அட்டையை வெட்டட்டும். அவன் கேள்வி கேட்க நேர்ந்தால், வரைபடத்தில் குறை எங்கே என்பதை வரைந்தவனே கண்டுகொள்வான். வெளி எல்லையை முதலில் வெட்டியவன், கையில் நகரும் துண்டில் நடுத்துளையை வெட்டப் படும் சிரமத்தால் வரிசை விதியின் காரணத்தையும் உணர்வான். எஃகுத் தகட்டில் கற்க நேர்ந்தால் பெருஞ்செலவாகும் பாடம், அட்டையில் சில காசுகளுக்குள் முடிந்துவிடும்.