வழுவும் வழுவமைதியும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையை ஒட்டி, ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று முன்பாக அமைந்திருக்கும் ஆதிச்சநல்லூரைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெரும்பாலும் அதன் மண்ணுக்கடியில் கிடைத்தவற்றைப் பற்றியே பேசுவார்கள். 1876-இல் ஜெர்மனி தேசத்து யாகோர் அங்கே அகழ்ந்து பார்த்ததும், அவருக்குப் பின் அலெக்ஸாண்டர் ரீ வெண்கலப் பாத்திரங்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெளியே கொணர்ந்ததும், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகளைக் கண்டதும் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்திகள். எனக்கோ, அவ்வழியாகப் போகும்போதெல்லாம், சாலையோரத்து ஊர்ப்பெயர்ப் பலகையே முதலில் கண்ணில் படுகிறது. ஆதித்தநல்லூர் என்பதே ஆதிச்சநல்லூர் ஆயிற்று என்பர். சூரியனைக் குறிக்கும் ஆதித்தன் என்ற சொல் ஜனங்களின் நாவில் ஆதிச்சன் ஆகி, அப்படியே சர்க்கார் பதிவேட்டிலும் ஏறி நிலைத்துவிட்டது. படித்தான் என்பதைப் படிச்சான் என்றும், அடித்தான் என்பதை அடிச்சான் என்றும் சொல்கிற நாக்கின் அதே சுபாவந்தான் இது. பரீட்சைத் தாளில் 'படிச்சான்' என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுகிற ஆசிரியரும், ஆதிச்சநல்லூர் என்ற பெயரை வட்டமிடாமலே கடந்து போகிறார்.

இந்த எண்ணம் எனக்குள் வேரூன்றியதற்கு ஒரு சிறிய சம்பவம் காரணம். கோடையில் அச்சாலையின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பதநீர் விற்கும் அம்மாள் ஒருவர், பள்ளிக்கூடம் போகும் தம் மகளைக் கொண்டு ஓர் அட்டையில் 'பதனி, நொங்கு, மாம்பளம் கிடைக்கும்' என்று எழுதி வைத்திருந்தார். காரில் போன யாரோ அதைப் படம் பிடித்து, தமிழைக் கொல்கிறார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்து உலவ விட்டார். அது வாட்ஸ்அப் வழியாகப் பல கைகள் மாறி எனக்கும் வந்து சேர்ந்தது. சில நாள் கழித்து அந்தக் கொட்டகையில் நான் இறங்கியபோது, விஷயம் அம்மாளுக்கு முன்பே எட்டியிருந்தது. "எளுத்து தப்புன்னா எறங்கி வந்து சொல்லியிருக்கலாம்லா ஐயா. போட்டோ புடிச்சிட்டுப் போனாவ, ஒரு சொம்பு பதனி வாங்கிக் குடிக்கல" என்றார். மகள் அன்று கொட்டகைக்கு வரவில்லை. அட்டையும் இல்லை.

அந்தப் பெண் எழுதியதில் பிழை என்ன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 'பதனி' என்பது அந்தப் பிரதேசம் முழுவதும் வழங்குகிற பெயர். பதநீர் என்றும் பதனீர் என்றும் எழுதுகிறவர்கள் கூட அங்கே வாயால் சொல்வது அதுதான். 'மாம்பளம்' பிழையே, ஆனால் திருநெல்வேலிச் சீமையிலும் அதைச் சார்ந்த கடற்கரையிலும் சாதாரணப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. பிறந்தது முதல் தாயின் வாயிலிருந்து 'பளம்' என்றே கேட்டு வளர்ந்த குழந்தை, பழம் என்று எழுத வேண்டுமானால், காது சொல்வதை நம்பாமல் கண் பார்த்ததை நினைவில் வைத்து எழுத வேண்டும். ழகரத்தைச் சுத்தமாகச் சொல்லும் பிரதேசத்தாரும் னகர ணகரத்தில் இதே கஷ்டத்தை அனுபவிக்கிறார்கள். ரகர றகரத்தைச் சொல்லவே வேண்டாம். மனமும் மணமும், கரியும் கறியும், அரமும் அறமும் இன்றைய தமிழரில் பெரும்பாலோருக்குப் பேச்சில் ஒன்றாகவே ஒலிப்பவை. எழுத்தில் அவற்றைப் பிரித்தறிய உதவுவது பயிற்சி ஒன்றே.

நம் மொழியில் எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் வேறு. எழுத்துத் தமிழை எந்தத் தாயும் தொட்டிலருகே இருந்து பேசுவதில்லை. ஆகையால் அது யாருக்கும் பிறப்பால் வருவதன்று, பள்ளிக்கூடத்தால் வருவது. எத்தனை வருஷம் படிக்க முடிந்தது, எப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்தார், வீட்டில் புஸ்தகம் இருந்ததா, சாயங்காலத்தில் படிக்க விட்டார்களா அல்லது கொட்டகைக்கு அனுப்பினார்களா என்பவையெல்லாம் சேர்ந்தே ஒருவருடைய ஒற்றையும் ழகரத்தையும் நிர்ணயிக்கின்றன. எழுத்துப் பிழையைக் கண்டு சிரிக்கிறவர், தாம் மொழியைக் காப்பதாகவே நினைக்கிறார். ஆனால் அவருடைய சிரிப்பு போய் விழுகிற இடம் ஒருவரின் வறுமை.

ஆதிச்சநல்லூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தாமிரபரணி கடலில் கலக்குமிடம் புன்னைக்காயல். பிழையையும் திருத்தத்தையும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் மிக அழகான கதை அந்தக் கரைக்கு உரியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு பாஷையும் அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மிகுந்த பிரயாசையுடன் ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, கையில் மணியுடன் தெருத் தெருவாகச் சென்று பரதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மொழிபெயர்ப்பில் ஒரு பெரும் பிழை நேர்ந்திருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணி, கடவுள் எனக்கு வேண்டும் என்று ஒரு கடற்கரையே பாடம் செய்துகொண்டிருந்தது. 1544-இல் சவேரியார் தம் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதைத் தெரிவித்து, இனி அச்சொல்லை மாற்றிச் சொல்லும்படி எழுதுகிறார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இடத்தில் பலவந்தத்தைக் குறிக்கும் சொல் ஒன்று புகுந்திருந்ததையும், அவர் மனமுவந்தே துன்பமேற்றார் ஆகையால் அச்சொல் கூடாது என்பதையும் அதே கடிதத்திலேயே விளக்குகிறார்.

இதைவிடப் பெரிய பிழை ஒருவருக்கு நேர்வது அரிது. பிரமாணத்தின் முதற்சொல்லே மாறிப்போயிருந்தது. ஆனாலும் திருத்தம் எப்படிச் சென்றது என்பதைக் கவனியுங்கள். தவறு செய்தவரே தம் தவறைச் சொல்லி, அதைத் திருத்த வேண்டிய ஒருவருக்குத் தனிக் கடிதமாக எழுதினார். இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல், அதற்குக் காரணம் இது என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்குச் சில வருஷம் பின்னால் அதே கரைக்கு வந்த என்ரிக்கே என்ரிக்கஸ் என்னும் போர்த்துகேயப் பாதிரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழ் பிழையற வேண்டுமென்று விரும்பிய அவர், அந்தக் கரையின் ஜனங்கள் உள்ளபடி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பேச்சுக்கே போர்த்துகேய பாஷையில் ஓர் இலக்கணம் எழுதினார். கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய பெயர்ப்பே. படகும் வலையுமாக வாழ்ந்தவர்களின் பேச்சில் வாய்பாடு உண்டு, ஒழுங்கு உண்டு, கற்றுக்கொள்ளத் தக்க இலக்கணம் உண்டு என்று ஓர் அந்நியர் கண்டுகொண்டதை, நம்மவர்களில் கற்றவர்கள் இன்றும் முழுமனத்துடன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எழுத்தின் சுத்தம் என்று நாம் இன்று கொண்டாடுவதும் நித்தியமாக நின்ற ஒன்றன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறைக்கு வழி செய்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது, அதுவரை துதிக்கையுடன் எழுதப்பட்ட லையும் னையும், சுழித்து எழுதப்பட்ட றாவும் னாவும் ஒரே நாளில் பழைய வடிவங்களாயின. நேற்றைய சுத்தம் இன்று பழமை ஆயிற்று. இன்றைக்கு வழு எனப்படுவது நாளை வழக்காகலாம். பழைய சொற்கள் கழிவதும் புதியவை புகுவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் செய்துவைத்த நன்னூலாரைவிடக் கண்டிப்பான இலக்கணக்காரர்களாக இருக்க நமக்கு என்ன அதிகாரம்?

நன்னூலைச் சொல்லும்போது ஒன்றை விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழையின்றி நிற்பது வழாநிலை, பிழைபடுவது வழு என்று வகுத்ததோடு நம் இலக்கணம் நின்றுவிடவில்லை. பிழைதான், எனினும் காரணம் பற்றி அது அமைக என்று ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி என்ற மூன்றாவது ஸ்தானத்தையும் வைத்தது. தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் மரபு இது. மகிழ்ச்சியில், மதிப்பில், சிறப்பிக்கும் நோக்கில், கோபத்தில், இகழ்ச்சியில் ஒருவன் திணை மாற்றியோ பால் மாற்றியோ பேசிவிட்டால் அது இயல்பே என்கிறது நன்னூல். தான் வளர்த்த பசு மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது 'என் அம்மை வந்தாள்' என்பவனை, அஃறிணைக்கு உயர்திணை வினை கொடுத்தாய் என்று இலக்கண ஆசிரியன் அதட்டுவதில்லை. அன்பு அவனை அப்படிச் சொல்ல வைத்தது என்று ஒதுங்கி வழிவிடுகிறான். பேசுகிறவனுடைய மனநிலையை விசாரித்த பிறகே தீர்ப்புச் சொல்லும் ஓர் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் விசாரணையே இல்லாமல் தண்டனை விதிக்கிறோம்.

பிழையை எவரும் எங்கும் சுட்டவே கூடாது என்பது இதன் தாத்பரியம் அன்று. 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் தரும்படி கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் கையிலுள்ள வேலாயுதத்தைக் கேட்பது. 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் செய்தது. ஓர் ஒற்று இத்தனை காரியம் செய்கிற மொழியில் சிரத்தை வேண்டாம் என்று நான் சொல்லத் துணியேன். சிரத்தையை யாரிடம் எதிர்பார்ப்பது என்பதில்தான் நியாயம் அடங்கியிருக்கிறது. பாடப் புத்தகத்தில், தினசரியின் தலைப்பில், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் எழுத்தில், அரசாங்கம் வைக்கும் பலகையில் பிழை வந்தால் உரக்கச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அவற்றை எழுதுகிறவர்கள் அதற்கென்றே சம்பளம் பெறுகிறவர்கள், அவர்களைப் பார்த்தே குழந்தைகள் எழுதக் கற்றுக்கொள்கின்றன. ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் பெயரின் எழுத்து விழுந்துவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு கூலிக்காரர் எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருக்கிறது! பிறர் பிழையைக் கண்டு பொறாதவர்கள் தங்கள் கோபத்தைச் செலுத்தத் தக்க இடம் அது. அங்கே பிழை செய்தவர் மேஜைக்குப் பின்னால் இருக்கிறார், அதற்கு விலை கொடுப்பவர் வெயிலில் வரிசையில் நிற்கிறார்.

குற்றம் குற்றமே என்று நிற்பவர்கள் நக்கீரரைத் தமக்கு முன்னோடியாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தக் கதையை நினைவுகூர்ந்து பார்த்தால், ஆலவாய்ச் சங்கத்தில் அவர் சுட்டியது பொருட்குற்றம், ஒற்றுப் பிழையன்று. பரிசுக்கு ஏங்கிய ஏழை தருமியை அவமானப்படுத்துவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. பாட்டுக்கு உரியவர் தாமே என்று வந்து நின்றவரிடம், அவர் நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும், அஞ்சாமல் சொன்னார் என்பதே அவருக்குப் பெருமை. தம்மைவிடப் பலசாலியிடம் சொன்ன சொல் அது. பதநீர்க் கொட்டகையின் அட்டையைப் படமெடுத்தவருக்கு நக்கீரர் துணை வரமாட்டார்.

இன்னும் அநியாயமான ஒரு பழக்கம் உண்டு. தம் ஊர்க் குடிநீரைப் பற்றியோ, கூலியைப் பற்றியோ, மகனுக்குக் கிடைக்காத உத்தியோகத்தைப் பற்றியோ ஒருவர் பத்து வரி எழுதினால், அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்ல இயலாதவர், மூன்றாவது வரியில் ஒற்று விட்டுப்போனதை எடுத்துக்காட்டி வாயை அடைத்துவிடுகிறார். இது வாதமே ஆகாது. தவிர, இப்படித் திருத்துகிறவர்களின் திருத்தமும் எப்போதும் நிச்சயமானதன்று. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதில் இலக்கணம் கற்ற பெரியவர்களே இன்னும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள்.

எட்டயபுரத்துப் பாரதியையும், சிறையிலிருந்து மீண்ட பின் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்த வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் தந்தது இந்தத் திருநெல்வேலிச் சீமை. இலக்கணத்தை நேசிப்பதும் எளிய ஜனங்களை நேசிப்பதும் ஒரே நெஞ்சில் இருக்கக் கூடியவை என்பதற்கு அவ்விருவரையும்விட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

உங்கள் உறவினர்களில் ஒருவர், அதிகம் படிக்க வாய்க்காத பெரியவர், ஒரு சாவுச் செய்திக்குக் கீழே, தடுமாறுகிற விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, 'ஆழ்ந்த இறங்கல்' என்று எழுதி அனுப்பியிருப்பதை நீங்கள் நாளையே காண நேரலாம். இரங்கல் என்பதே சரி. இறங்கல் என்பது கீழே வருவது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் அதை அவருக்குச் சொல்லாதீர்கள். அவரைக் கூப்பிட்டு, முதலில் துக்கம் விசாரியுங்கள். எழுத்தைப் பற்றி, அவர் கேட்டால், இன்னொரு நாள் நேரில் சொல்லிக் கொடுங்கள்.