வலசை போகாத பறவை

தனுஷ்கோடி பற்றிய சொல்லாடல்கள் எல்லாம் 1964 டிசம்பர் 22 இரவோடு நின்றுவிடுகின்றன. புயல், கடல் கொண்ட ரயில், இடிந்த தேவாலயம். 'வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்ததோடு கதை முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது வருகிறவர்களும் அதே பிரதியைத்தான் வாசிக்கிறார்கள்: இடிபாட்டின் முன் ஒரு படம், பிறகு திரும்பும் அவசரம். இந்த ஒருநாள் வாசிப்புக்கு எதிராக ஓர் எளிய செயலை முன்வைக்கலாம். ஒரே மணலில் பருவம் தவறாமல் நடந்து பறவை பார்ப்பதுதான் அது.

பறவை நோக்குதல் என்றதும் மலைநடைதான் நினைவுக்கு வரும். இங்கே மலை ஏது? தீவில் மேடான இடம் கந்தமாதன பர்வதம். பெயர்தான் பர்வதம், உண்மையில் மணல்மேடு. மலையில் ஏற ஏறப் பறவைகள் மாறும். இங்கே மாற்றத்தைச் செய்வது உயரமல்ல, காற்று. வாடை வீசும் மாதங்களில் வடகடல் குமுறும். ஆனி, ஆடியில் தென்கடல். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது இங்குள்ள வழக்கு. பெண்கடல் எப்போதும் சாது என்ற கற்பிதம் ஒரு வாடைக்காலம் நின்று பார்த்தால் கலைந்துவிடும்.

வாடையோடு வருபவை கண்ணில் சுலபமாகப் படுகின்றன. பூநாரையை எடுத்துக்கொள்வோம். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதன் சிவப்பு பிறவி நிறமல்ல. தின்கிற பாசியும் சிற்றுயிர்களும் தருவது. குஞ்சு சாம்பலாகவே இருக்கும். 2025இல் இந்தப் பறவையின் பெயரால் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் பெரிய, சிவந்த, படத்துக்கு வாகான பறவையே இடத்தின் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே கரையில் உள்ளங்கை அளவு உப்புக்கொத்தி ஓடித் திரிகிறது. நாலடி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும். குளிர்காலத்தில் மட்டும் வந்து போகிறவருக்கு எல்லாம் ஒரே பறவை. கோடையிலும் நடப்பவருக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். வடக்கிலிருந்து வந்தவை போய்விடுகின்றன. சில போகாமல் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடுகின்றன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியின் பெயரைச் சுமந்த இனத்தின் கிளையாகவே இவை நெடுங்காலம் கருதப்பட்டன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது தனி இனம் என்று 2023இல் மரபணு ஆய்வு நிறுவியது. சிறகு, வால், அலகு மூன்றும் சற்றுக் குட்டை. ஆய்வாளர்கள் வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. கென்டிலிருந்து விடுபட்ட பறவை நேராகப் புராணத்துக்குள் போய் விழுந்துவிட்டது! பெயரிடும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

எம்.ஏ. வகுப்பில் நெய்தலுக்குப் புள் கடற்காகம் என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று உரைகாரர்கள் சொன்னதையும் மனப்பாடம் செய்தோம். அந்த ஆறையும் கரையிலேயே கழிக்கும் உயிர் எது என்று கேட்டதில்லை. கருப்பொருளைப் பட்டியலாகப் படித்தால் அதிலிருந்து காலம் உதிர்ந்துவிடுகிறது.

நடையில் நாய் கூட வந்தால் இன்னொரு பாடமும் உண்டு. நமக்கு அது துணை. உப்புக்கொத்திக்கு அது நரிதான். நாய் நெருங்கினால் தாய்ப்பறவை சிறகு ஒடிந்ததுபோல் நொண்டி நடித்து அதைத் திசை திருப்பும். அதற்குள் முட்டை வெயிலில் காயும். கோடையில் நாயைக் கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டும். முட்டை மணல் நிறம், நம் காலுக்கும் தெரியாது. பார்க்கிறோம் என்று நினைக்கும்போதே பார்க்கப்படுகிறோம்.

அரசு தகுதியில்லை என்று எழுதிய மண்ணில் மீனவர்கள் இன்றும் குடிசை போட்டு வாழ்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மனிதரைப் பறவையோடு சமப்படுத்துவது என் நோக்கமல்ல. மனிதர் உரிமை கேட்பார்கள், கேட்க வேண்டும். ஆனால் 'ஆளில்லாத இடம்' என்று எழுதிய கண்ணுக்கு இரண்டு பேருமே படவில்லை. காலி இடம் என்று முதலில் எழுதுவார்கள்; அப்புறம்தான் அதில் எதையாவது கட்டுவார்கள். ஆடி மாத வெயிலில் அங்கே நடப்பவர் அந்த முதல் வாக்கியத்தையே மறுக்கிறார்.