அரிசி மலை ஏறுது, சாமை மலை இறங்குது

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து எங்கள் கொல்லிமலைக்கு வர 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மாதம் பிறந்தால் அந்த 70 வளைவும் ஏறி ரேஷன் அரிசி வருகிறது. அறுவடை முடிந்தால் அதே 70 வளைவும் இறங்கி எங்கள் சாமை மூட்டை போகிறது. போன சாமை சும்மா இருக்கிறதா? அடிவாரத்தில் உமி நீக்கி, பளபளப்பான பாக்கெட்டில் ஏறி, திரும்பவும் எங்கள் மலைக்கே வருகிறது. போன மாதம் செம்மேட்டில் ஒரு கடையில் பார்த்தேன். சாமை அரிசி கிலோ 120 ரூபாய். நான் வியாபாரியிடம் சாமையைப் போட்டது கிலோ 36 ரூபாய்க்கு.

பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என் சாமையை நானே வாங்கித் தின்ன எனக்குக் கட்டுப்படி ஆகவில்லை.

நான் மூன்று ஏக்கர் மானாவாரிக்காரன். எங்கள் ஆயா காலத்தில் வீட்டில் இரண்டு குதிர் இருந்தது. ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் சாமை. சாமையிலேயே பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை என்று நிலத்துக்குத் தகுந்த மாதிரி வகை வைத்திருந்தார்கள். காட்டில் தானியம் மட்டும் விளையவில்லை. ஊடே மொச்சை, அவரை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு. அதாவது குழம்புக்குப் பருப்பு, தாளிக்கக் கடுகு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் ஒரே காட்டில் இருந்து வந்தது. உப்பும் துணியும்தான் காசு கொடுத்து வாங்கினோம் என்று ஆயா சொல்லும்.

அப்புறம் குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டது. ரோடு வந்ததால் லாரி வந்தது. மொத்தமாகக் காசு கிடைத்தது. யார் வேண்டாம் என்பார்கள்? என் அப்பாவும் இரண்டு ஏக்கரைக் கிழங்குக்கு விட்டார். மொச்சை போச்சு, கடுகு போச்சு. நிலம் மெலிந்ததும் யூரியா வந்தது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அது உண்மையான விலை இல்லை, மீதியை ஒன்றிய அரசு மானியமாகக் கட்டுகிறது. 2022-23-ல் நாடு முழுக்க உர மானியத்துக்கு மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் போனது. உரமே கேட்காத சாமைக்கு அந்த மானியத்தில் ஒரு பைசா வராது. 2023-24 வேளாண் பட்ஜெட்டில் தமிழ்நாடு சிறுதானிய இயக்கத்துக்கு ஒதுக்கியது 82 கோடி. இரண்டும் வேறு வேறு அரசின் கணக்குதான். ஆனால் இரண்டும் நம் வரிப்பணம்தானே?

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். எங்கள் நாலு பேர் அட்டைக்கு மாதம் 20 கிலோ. அதைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. கிழங்கு விலை விழுந்த வருடங்களில் அந்த அரிசிதான் எங்கள் அடுப்பை எரிய வைத்தது. ஆனால் அரிசியை மட்டும் தின்ன முடியுமா? துவரம்பருப்பும் பாமாயிலும் ரேஷனில் தலா ஒரு கிலோ, ஒரு லிட்டர். அது பத்து நாள் வரும். மீதி நாளைக்குக் கடை. கடுகு கடை, மொச்சை கடை, எண்ணெய் கடை. சிலிண்டர் 850 தாண்டிவிட்டது. போன மாதம் மளிகைக்கு மட்டும் 4,200 ரூபாய் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல், ஆயா காலத்தில் காட்டில் இருந்து வந்த சாமான்.

விலைவாசி ஏறிவிட்டது என்று நாம் எல்லோரும் புலம்புகிறோம். ஏறியது உண்மை. ஆனால் கடையில் வாங்கும் சாமான் பட்டியலும் சேர்ந்து நீண்டுபோனதை நான் கவனிக்கவே இல்லை.

சரி, திரும்பச் சாமைக்குப் போகலாமே என்று நாலு வருடத்துக்கு முன் ஒரு ஏக்கரை மாற்றினேன். தொழு எருவும் மழையும் மட்டும். ஏக்கருக்கு 400 கிலோ வந்தது. நான் சந்தோஷமாக மூட்டையை இறக்கினேன். என் வீட்டம்மா மூட்டையைப் பார்த்தாங்க, மூலையில் கிடந்த உரலைப் பார்த்தாங்க.

"சாமைச் சோறு வேணும்னா நீங்களே குத்திக்கங்க. எங்க அம்மா கை காய்ச்சுப் போனது எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டாங்க.

எனக்குப் பதில் இல்லை. ஒரு மணி நேரம் குத்தினால் இரண்டு, மூன்று கிலோ தேறும். சாமை உமி லேசில் பிரியாது. சாமை போனதுக்குக் கிழங்கும் இலவச அரிசியும் மட்டும் காரணம் இல்லை. பெண்களின் தோள்பட்டையும் ஒரு காரணம். இதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் மலையில் 20 வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டு, சில ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தது. மெஷின் ஓடிய ஊரில் சாமையும் தங்கியது.

எங்கள் ஊரிலும் மெஷின் இருக்கிறது. அதுதான் வேதனை. ஊர் முகப்பில் அரசுப் பணத்தில் கட்டிய கொட்டகை. கல் நீக்குகிற மெஷின், உமி நீக்குகிற மெஷின், மாவு மெஷின், முன்னால் சிமெண்ட் உலர்களம். சுவரில் மதிப்பீடு 8 இலட்சம் என்று எழுதியிருக்கிறது. திறந்த அன்று மாலை, மரியாதை, போட்டோ எல்லாம் ஆச்சு. இரண்டு மாதம் ஓடியது. பிறகு பூட்டு. உலர்களத்தில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கார்கள் நிற்கும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் காட்டுக்குப் போவேன். "அரசாங்கப் பணம், நாசமாப் போகட்டும்" என்று திட்டிக்கொண்டே போவேன். மூன்று வருடம் அப்படித் திட்டினேன். ஒரு நாள்கூட ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டதில்லை.

கேட்டது என் வீட்டம்மாதான். 2025 மே 1 கிராம சபைக்கு ஒன்பது பெண்கள் சேர்ந்து போனார்கள். கூட நாங்கள் நாலு ஆண்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. பதினோரு வருடத்தில் நான் போனது அதோடு மூன்றாவது தடவை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"பயனாளிகள் ஆர்வம் காட்டாததால் மையம் செயல்படவில்லை" என்று தாளில் இருந்து வாசித்தார்கள். பயனாளிகள் என்றால் நாங்கள்தான். ஒரு அக்கா எழுந்து, "ஆர்வம் இல்லைன்னு எங்க வந்து கேட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. சபை அமைதி ஆயிடுச்சு. தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கியதில் உண்மை வெளியே வந்தது. மெஷினை ஓட்டப் பழகிய பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பில் நின்றது, இணைப்பைத் துண்டித்தார்கள். பாக்கி எவ்வளவு தெரியுமா? 4,370 ரூபாய். 8 இலட்ச ரூபாய்க் கொட்டகை 4,370 ரூபாய்க்காக மூன்று வருடம் பூட்டிக் கிடந்திருக்கிறது. கட்டப் பணம் இருந்தது, ஓட்டப் பணம் இல்லை. திறப்பு விழாவுக்கு ஆள் இருந்தது, பில்லுக்கு ஆள் இல்லை. செலவு செய்வதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். திட்டுவதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பாக்கியைக் கட்டினார்கள். சல்லடை துருப்பிடித்திருந்தது. சாமைக்கும் தினைக்கும் கண் அளவு வேறு என்பதால் இரண்டு புதுச் சல்லடை வாங்கினோம். பெல்ட் மாற்றினோம். இப்போது கிலோவுக்கு 4 ரூபாய் கூலி. முதல் மூன்று வாரத்தில் 640 கிலோ அரைத்தார்கள். வந்த கூலி 2,560 ரூபாய். கரண்டுக்கும் ஓட்டுகிற பெண்ணுக்கும் கொடுத்தது போகக் குழுவுக்குக் கொஞ்சம்தான் நின்றது. பரவாயில்லை, அடுத்த பில்லுக்கு ஆள் இருக்கிறது. மையத்தைக் குழுவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத் தாள் மட்டும் இன்னும் வரவில்லை. அது வராமல் நாளைக்கு மெஷின் பழுதானால் பெரிய செலவு யாருடையது என்பதற்குப் பதில் இல்லை. அதனால் இதை வெற்றிக்கதை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

மெஷின் ஓடினால் போதுமா? விற்க வேண்டாமா? இங்கேதான் ரேஷன் கடை வருகிறது. உழவர்களே, இந்தக் கணக்கை உங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள்.

அரிசி நமக்கு இலவசம். ஆனால் கொள்முதல், அரவை, சேமிப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து இந்திய உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது. எங்கள் ஊரில் 60 குடும்பம். ஒவ்வொரு அட்டைக்கும் 20 கிலோவில் 2 கிலோவை மட்டும் சாமை அரிசியாகக் கொடுத்தால் வருடத்துக்கு 1,440 கிலோ. சாமையை உமி நீக்கினால் நூற்றுக்கு அறுபது தேறும். அப்படியென்றால் 2,400 கிலோ சாமை வேண்டும். ஏக்கருக்கு 400 கிலோ என்றால் 6 ஏக்கர். அவ்வளவுதான். கிலோ 40 ரூபாய்க்கு எங்களிடம் வாங்கி, எங்கள் மெஷினிலேயே அரைத்தால், சாமை அரிசி கிலோ சுமார் 73 ரூபாய் அடங்கும். அரிசியைவிட 33 ரூபாய் கூடுதல். 1,440 கிலோவுக்கு வருடம் 47,520 ரூபாய். அந்தக் கொட்டகைக்குச் செலவு செய்த 8 இலட்சத்தில், இந்தக் கூடுதல் தொகையை 16 வருடத்துக்குக் கொடுத்திருக்கலாம்! மலை முழுக்க 10,000 அட்டை என்று வைத்தால் 1,000 ஏக்கர் சாமை திரும்பும். சாமை திரும்பினால் ஊடுபயிர் மொச்சையும் கடுகும் கூடவே வரும். மளிகைச் சீட்டு தானாகக் குறையும்.

இது நடக்காத காரியம் இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் ரேஷனில் கொடுக்க இடம் இருக்கிறது. கர்நாடகத்தில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கிறார்கள். ஒடிசாவில் 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் பழங்குடி உழவர்களிடம் கேழ்வரகை வாங்கி, சில மாவட்ட அங்கன்வாடிகளில் லட்டாகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டிலும் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். தருமபுரிக்கு முடிந்தது கொல்லிமலைக்கு ஏன் முடியாது? கேழ்வரகுக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். சாமைக்கென்று தனி ஆதரவு விலை கிடையாது. வியாபாரி 36 சொன்னால் 36தான்.

அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மூன்று கோரிக்கை எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று, மையத்தை எழுத்துபூர்வமாக மகளிர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், பராமரிப்பு யார் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். இரண்டு, விருப்பப்பட்ட அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் உள்ளூர்ச் சாமை அல்லது கேழ்வரகு. கட்டாயம் வேண்டாம், விருப்பம் போதும். மூன்று, எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவில் எங்கள் சாமைக் கிச்சடி. புதுக் கட்டிடம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற பணத்தை இருக்கிற இடத்தில் சுற்ற விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதைப் படிக்கிற உங்கள் ஊரிலும் பூட்டிய ஏதாவது ஒரு அரசுக் கட்டிடம் இருக்கும். விதைக் கிடங்கு, உலர்களம், சேமிப்புக் கிடங்கு, ஏதோ ஒன்று. திட்டுவதற்கு முன்னால், பூட்டுக்குப் பின்னால் என்ன பாக்கி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 4,370 ரூபாயாகக்கூட இருக்கலாம்.

இந்த ஆனியில் கிழங்கு போட்டிருந்த இரண்டாவது ஏக்கரையும் உழுதேன். கிழங்குதான் திரும்பப் போடுவோமா என்று வீட்டில் கேட்டேன். வீட்டம்மா உள்ளே போய் விதைச் சாமையை முறத்தில் எடுத்து வந்து புடைக்க உட்கார்ந்தாங்க. "மெஷின் ஓடுற வரைக்கும் சாமை. நின்னுச்சுன்னா கிழங்கு" என்றார்கள். அந்த ஒப்பந்தத் தாள் வந்தால்தான் எங்கள் ஏக்கருக்கு அடுத்த வருடம் என்ன என்பது தெரியும்.