வாழை நிலத்தில் தங்கிய நஞ்சு: மண்ணையும் ஊற்றையும் எப்படிச் சோதிக்கிறார்கள்?

கரீபியன் கடலில் உள்ள குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளில், வயது வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் ரத்தத்தில் ஒரே பூச்சிமருந்து இருக்கிறது. 2013-14ல் நடந்த ஆய்வில் தெரியவந்தது இது. அந்த மருந்தை வயலில் போடுவது 1993லேயே நின்றுவிட்டது.

அதன் பெயர் குளோர்டிகோன். வாழைக்கிழங்கைக் குடையும் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் அங்கே அனுமதிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய், ஒவ்வொரு அடிமரத்தைச் சுற்றியும் 30 கிராம் தூளைத் தூவுவார்கள். தூளில் நஞ்சு 5 சதவீதம்தான். ஆனால் ஹெக்டேருக்கு 2,000 வாழை என்று வைத்தால், ஒரு தடவைக்கு 3 கிலோ நஞ்சு மண்ணில் இறங்குகிறது.

1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் தீவுகள் இவை. குவாதலூப்பின் பெயர்பெற்ற ஷாங்ஜி கோயில் இருக்கும் கபெஸ்தேர்-பெல்-ஓ, வாழைத்தோட்டப் பகுதிதான்.

எச்சரிக்கை இல்லாமல் நடந்த விபத்து என்று இதைச் சொல்ல முடியாது. இந்த மருந்தை நிறுத்தச் சொல்லி மார்த்தினிக் வாழைத் தொழிலாளர்கள் 1974லேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் கைநடுக்கத்தோடு நோயில் விழுந்தார்கள். ஆலை மூடப்பட்டது, அருகே ஓடும் ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வந்தது. 1977லும் 1980லும் பிரெஞ்சு ஆய்வாளர்களே குவாதலூப்பின் மாசு பற்றி அறிக்கை எழுதினார்கள். பிரான்ஸ் தடை விதித்தது 1990ல். தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு கொடுத்தார்கள். மன்னிக்க முடியாத விலக்கு அது.

ஊற்று நீரில் இந்த நஞ்சு பரவலாக இருப்பது 1999ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை நடந்த வழக்கமான குடிநீர்ப் பரிசோதனைகளில் அது சிக்கவில்லை. மண் பரிசோதனையிலும் பலர் தவறவிடும் விஷயம் இதுதான்: எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று சொன்னால்தான் ஆய்வகம் அதைத் தேடும். அதனால் நிலத்தை மதிப்பிடும் வேலை அதன் பழைய கதையை விசாரிப்பதில் தொடங்குகிறது. எந்த ஆண்டுகளில் என்ன பயிர் இருந்தது, என்ன மருந்து போட்டார்கள், எங்கே கலக்கினார்கள்? தீவுகளில் பழைய வாழைச் சாகுபடிப் பரப்புகளை மண் வகையோடு சேர்த்து வைத்துத்தான் ஆபத்து வரைபடம் தயாரித்தார்கள்.

பிறகு மண்ணெடுப்பு. மருந்து விழுந்தது மரத்தடியில் மட்டும் என்பதால், ஒரே குழி மண்ணை நம்ப முடியாது. வயல் முழுக்கப் பல இடங்களில் துளைக்கருவியால் மேல்மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு மாதிரியை அனுப்புகிறார்கள்.

வரும் எண்ணை அப்படியே படித்தாலும் ஏமாந்துபோவோம். எரிமலைச் சரிவின் மண் குளோர்டிகோனைத் தன் நுண்துளைகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அளவு அதிகம் காட்டும், பயிருக்கு விடுவது குறைவு. வேறு களிமண்ணில் அளவு குறைவாக இருந்தும் கிழங்குக்குள் கூடுதலாக ஏறலாம். பிடித்து வைத்ததையும் மழை விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து நிலத்தடிக்கு இறக்குகிறது. இந்த நஞ்சின் மூலக்கூறில் பத்துக் குளோரின் அணுக்கள் இருப்பதால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைக்க முடியாது. மண்ணுக்கேற்பப் பல பத்தாண்டுகளிலிருந்து 500 ஆண்டுகளுக்கும் மேல் தங்கும் என்றது 2009ல் வந்த ஒரு கணக்கு. பின்னால் வந்த ஆய்வு அதைவிடக் குறைவான காலத்தைச் சொல்கிறது.

வேடிக்கையான உண்மை ஒன்று உண்டு. எதற்காக மருந்து போட்டார்களோ அந்த வாழைப்பழத்தில் நஞ்சு ஏறுவதில்லை. மண்ணோடு ஒட்டி வளரும் சேம்பு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளியில் ஏறுகிறது. மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையில் ஏறுகிறது. மரத்தில் காய்க்கும் பழமும் தக்காளியும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வயலில் கிழங்கு வேண்டாம், வேறு போடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். மண் பரிசோதனை இலவசம். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டும் ஊற்றுகளின் நீரைக் கரி வடிகட்டி வழியாகச் செலுத்துகிறார்கள்.

நம் ஊர் விவசாயி கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியாவின் மண்வள அட்டையில் உள்ள 12 அளவுகளில் தழை, மணி, சாம்பல் சத்துகள் உண்டு, கார அமிலத்தன்மை உண்டு; பூச்சிமருந்து எச்சம் இல்லை. ஆகவே அட்டை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிலம் சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். அடிக்கிற மருந்தின் பெயர், அளவு, தேதி, வயல் ஆகியவற்றை ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். குத்தகைக்கு நிலம் எடுக்கும்போது அந்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.