கிராமர் பள்ளி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்தில் 'பேக்கப்' பள்ளியைத் தேர்வு செய்வது எப்படி?

செப்டம்பரில் பரீட்சை. அக்டோபரில் ரிசல்ட். அக்டோபர் 31-க்குள் விண்ணப்பம். வேலைக்காக இங்கிலாந்து போய், ஆறாம் ஆண்டு படிக்கும் குழந்தையோடு இருக்கும் பல இந்தியக் குடும்பங்களுக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம். 'லெவன் பிளஸ்' நுழைவுத்தேர்வுக்கு ஒன்றிரண்டு வருடம் டியூஷன் அனுப்புகிறார்கள். ஆனால் "கிடைக்கலைன்னா எந்த ஸ்கூல்?" என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் வருகிறது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இந்தக் கேள்வி இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கிராமர் பள்ளி என்றால் என்ன?

நுழைவுத்தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள். படிப்புக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்து முழுவதும் மொத்தம் 163 பள்ளிகள்தான். 1998-ம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிய கிராமர் பள்ளி திறக்க முடியாது. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற பகுதிகளில் நிறைய உண்டு. லண்டனில் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட் போன்ற சில இடங்களில் மட்டும் இருக்கின்றன. இங்கிலாந்தில் உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே கிராமர் பள்ளியில் படிக்கிறார்கள்.

பாஸ் ஆனால் சீட் உறுதியா?

இல்லை. பக்கிங்ஹாம்ஷயரில் 121 மதிப்பெண் எடுத்தால் தகுதி. ஆனால் தகுதி பெற்றவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால், வீடு எங்கே இருக்கிறது என்பது போன்ற விதிகள் முடிவு செய்யும். பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் போன்ற பள்ளிகள் ரேங்க் வரிசையில் எடுக்கின்றன. அங்கே நல்ல மார்க் எடுத்தும் வெளியே நிற்கலாம். அதனால் ரிசல்ட் நன்றாக வந்தாலும் பேக்கப் பள்ளி தேவை.

கிராமர் பள்ளியை முதலில் போட்டால், பேக்கப் பள்ளி கோபித்துக்கொள்ளுமா?

பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான். பதில்: கோபித்துக்கொள்ளாது. அந்தப் பள்ளியை நீங்கள் எத்தனையாவது இடத்தில் எழுதினீர்கள் என்பதை வைத்து இடம் கொடுக்கவோ மறுக்கவோ கூடாது என்பது விதி.

நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 'சாய்ஸ் ஃபில்லிங்' செய்திருந்தால் இது எளிதாகப் புரியும். உங்கள் பட்டியலில் எந்தெந்தப் பள்ளியில் குழந்தைக்கு இடம் உண்டு என்று உள்ளாட்சி மன்றம் பார்க்கும். அவற்றில் நீங்கள் மேலே எழுதியது எதுவோ, அது கிடைக்கும். முதல் இரண்டு வரியில் கிராமர் பள்ளிகள், மூன்றாவதில் பக்கத்து சாதாரணப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமர் கிடைக்காவிட்டால், மூன்றாவது பள்ளியை முதலிடத்தில் எழுதியவர்களுக்குச் சமமாகவே உங்கள் விண்ணப்பமும் பார்க்கப்படும்.

எனவே, உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். பயந்துகொண்டு பேக்கப்பை மேலே போட்டால், கிராமரில் இடம் இருந்தாலும் பேக்கப்தான் வரும்.

வரிகளைக் காலியாக விட்டால்?

குறைந்தது 3 பள்ளிகளை எழுத இடம் தர வேண்டும் என்பது விதி. கென்ட்டில் 4, லண்டனில் 6. "வேற எதுவும் எழுதலைன்னா கிராமர்லயே குடுத்துடுவாங்க" என்று சிலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. எழுதியது எதுவும் கிடைக்காவிட்டால், எங்கே இடம் மிச்சம் இருக்கிறதோ அந்தப் பள்ளி வரும். அது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கலாம். காலி வரி உங்களுக்குப் பாதகமே தவிர, யாரையும் கட்டாயப்படுத்தாது.

நல்ல பேக்கப் பள்ளி எது?

மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. நிச்சயம் கிடைக்குமா? பிரபலமான பள்ளி பேக்கப் ஆகாது. பல உள்ளாட்சி மன்றங்கள் கடந்த வருடங்களில் கடைசியாக இடம் கிடைத்த குழந்தையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று வெளியிடுகின்றன. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடங்களைப் பாருங்கள். உங்கள் வீடு அந்த எல்லைக்குள் நன்றாக உள்ளே இருந்தால் நம்பலாம். ஓரத்தில் இருந்தால் வேண்டாம். மதம் சார்ந்த பள்ளி என்றால் தனியாக ஒரு துணைப் படிவமும் கேட்கலாம்.

2. பள்ளி எப்படி? 'ஆஃப்ஸ்டெட்' என்ற ஆய்வு அமைப்பு ஒற்றைச் சொல்லில் தரம் சொல்வதை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. அறிக்கை முழுவதையும் படியுங்கள். தேர்வு முடிவுகளில் 'புராக்ரஸ் 8' என்ற அளவீடு, சேர்ந்த பிறகு மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும். கொரோனாவால் தொடக்கப்பள்ளித் தேர்வுகள் ரத்தானதால் 2025, 2026-க்கு இது கிடையாது. பழைய ஆண்டுகளைப் பார்க்கலாம். வெறும் மதிப்பெண்ணை கிராமர் பள்ளியோடு ஒப்பிடாதீர்கள். அவர்கள் வடிகட்டித்தான் எடுக்கிறார்கள்.

3. தினமும் போய் வர முடியுமா? டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். 11 வயதுக் குழந்தை தனியாக வர வேண்டிய வழியை ஒருமுறை நடந்தே பாருங்கள்.

மார்ச் 1-ல் பேக்கப் பள்ளிதான் வந்தால்?

முதலில் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டாலும் கிராமர் பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். மறுத்தால் லாபம் எதுவும் இல்லை, கையில் இருந்த இடமும் போகும். 16 வயதில் பல கிராமர் பள்ளிகள் வெளியிலிருந்து மாணவர்களைச் சேர்க்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தையிடம் என்ன சொல்வது?

செப்டம்பர், அக்டோபரில் பள்ளிகள் பெற்றோரை அழைத்துச் சுற்றிக் காட்டும். கிராமர் பள்ளிக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, பேக்கப்பை கூகுள் மேப்பில் மட்டும் பார்க்காதீர்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கேயும் போங்கள். ஆய்வகம், மைதானம், மதிய உணவு எல்லாவற்றையும் அவர்களே பார்க்கட்டும்.

"படிக்கலைன்னா அங்கதான் போகணும்" என்று வீட்டில் மிரட்டாமலும் இருங்கள். மார்ச்சில் அதே பள்ளி வந்தால், ஏழு வருடம் படிக்கப்போகும் இடத்துக்கு உங்கள் பிள்ளை தோற்றுப்போன மனசோடு போகக் கூடாது. "இதையும் நாமதான் பார்த்துப் பிடிச்சு எழுதினோம்" என்று சொல்ல முடிந்தால், நீங்கள் சரியான பேக்கப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.