கொக்குவில் பக்கம் போன பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?



போன மாதம் பிள்ளைமடுவத்து வாசலில் ஒரு தாய் எங்களை நிறுத்தினார். கொழுந்துச் சாக்கு இன்னும் தோளில் கிடந்தது. "ஐயா, மக உயர்தரம் பாஸாயிட்டா. யாழ்ப்பாணம் கம்பஸ் கிடைக்கும்னு டீச்சர் சொல்றாங்க. டாக்டருக்கும் இல்லையாம், இஞ்சினியருக்கும் இல்லையாம். அப்ப அங்க போயி என்னத்தப் படிக்கிறது? நாலு வருஷம் அனுப்பலாமா, இல்ல கொழும்புல கடைக்கு வேலைக்கு அனுப்பலாமா?"

நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை இது. இதே கேள்வி பல லயங்களில் இருக்கும். ஆகவே இந்த முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த காணியில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. திருநெல்வேலிக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் கொக்குவில். பல்கலைக்கழக விடுதியில் எல்லாருக்கும் எல்லா வருடமும் இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைக்காத பிள்ளைகள் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் திருநெல்வேலியிலும் வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் லீவில் வந்தால் "கம்பஸில் இருக்கிறேன்" என்று சொல்லாமல் "கொக்குவிலில் இருக்கிறேன்" என்று சொல்கிறார்கள்.

சரி, என்ன படிப்பு?

சமூக அபிவிருத்தி என்று ஒரு துறை. பெயரைக் கேட்டால் கூட்டம் போட்டுப் பேசுவது, பொன்னாடை போர்த்துவது என்று நினைப்போம். அது அல்ல. எங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம், வெட்கத்தோடுதான். ஒரு டிவிசனில் பல வருடங்களுக்கு முன் மலசலகூடங்கள் கட்டினோம். நல்ல சீமெந்து, நல்ல தகரம். லயத்துக்குக் கீழே பள்ளத்தில், வெளிச்சமில்லாத இடத்தில் கட்டினோம். இரவில் ஒரு பெண்பிள்ளையும் அந்தப் பக்கம் போகவில்லை. கட்டுவதற்கு முன்னால் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் காசு வீணாகியிருக்காது. கேட்கத் தோன்றவில்லை, கேட்கும் முறையும் எங்களுக்குத் தெரியாது. அந்த முறையைத்தான் இந்தப் படிப்பு சொல்லித் தருகிறது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது எப்படி, கூட்டத்தில் வாய் திறக்காதவரின் தேவையை அறிவது எப்படி, ஒரு வேலைக்கு எவ்வளவு செலவாகும், முடிந்த பிறகு அதை யார் பராமரிப்பது, இவையெல்லாம் பாடங்கள். யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படிப்பவர்கள் இந்தப் பக்கம் வரலாம். இதற்கென்றே தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமும் இருக்கிறது. அங்கே சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் உண்டு. எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது பொருளியல். அதிலே பிரயோகப் பொருளியல் என்பது, புத்தகத்தில் உள்ளதை அன்றாடக் கணக்கில் போட்டுப் பார்ப்பது. நமக்கு இது புதிது இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் சம்பளச் சபை அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கியது. இரண்டு தடவையும் பிரட்டுக்களத்தில் என்ன பேசினோம்? "சம்பளம் கூடுது, சரி. வேலை நாள் குறையுமா? கிலோ கூட்டுவாங்களா? அரைப்பேர் போடுவாங்களா?" என்றுதானே. இந்தக் கேள்விகளே பொருளியல்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய்ப்படி 25 நாள் வேலை என்றால் 25,000. 1,350 ரூபாய்ப்படி 18 நாள்தான் வேலை என்றால் 24,300. நாட்சம்பளம் கூடிய பிறகும் கைக்கு வருவது குறைந்துபோகலாம். இதை நாம் வயிற்றால் அறிந்து வைத்திருக்கிறோம். தாளில் எழுதி, தொகை போட்டு, பேச்சுவார்த்தை மேசையில் வைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு. கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போகிறது, உரம் என்ன விலை, ஒரு கிலோ தூளுக்குத் தோட்டத்தின் செலவு எவ்வளவு, அதில் கொழுந்தெடுப்பவரின் கூலி எத்தனை பங்கு என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை, நமது லயத்திலிருந்தே வந்தால் எப்படி இருக்கும்! பொருளியலை யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் படிக்கலாம். விவசாயத்தோடு சேர்த்துப் படிப்பதென்றால் அந்தப் பீடம் கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும்.

மூன்றாவது, வடிவமைப்பு. சித்திரம் கீறுகிற பிள்ளையை "கிறுக்கிக்கிட்டு இருக்கான்" என்று ஏசுகிறோமே, அந்தப் பிள்ளைக்கான படிப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைகள் மருதனார்மடத்தில் நடக்கின்றன. அது கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் கோண்டாவில், இணுவில் தாண்டிப் போகிற ஊர். சங்கீதம், நடனத்தோடு சித்திரமும் வடிவமைப்பும் என்று ஒரு பட்டப்படிப்பு உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் உள்ள நிறுவகத்திலும் இதைப் போன்ற படிப்பு இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம் ஆங்கிலத்தில்.

வடிவமைப்பு என்றால் படம் மட்டும் இல்லை. நாம் பறிக்கிற தேயிலை வெளிநாட்டுக் கடையில் ஒரு பெட்டிக்குள் நிற்கிறது. அந்தப் பெட்டியின் நிறம், எழுத்து, மூடி எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார். அந்த யோசனைக்கும் விலை உண்டு. இன்னும் கிட்டத்தில் பாருங்கள். கூடையின் கயிறு தலையில் மாட்டி, பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்குகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக அப்படித்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் படிப்பு மேசையும் எப்படி அடங்கும்? கழுத்து வலித்த தாயின் பிள்ளை இவற்றை யோசித்தால் வேறு மாதிரி யோசிக்கும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

இந்த வடிவமைப்புப் படிப்பில்தான் எங்களுக்கு மறக்க முடியாத ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு பையன். கோயில் சுவரில் அவன் கீறிய மயிலைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். உயர்தரத்தில் சித்திரம் எடுத்து நல்ல பெறுபேறு வாங்கினான். இப்படியான படிப்புகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்று வைப்பார்கள். அதற்குக் கடிதம் போட்டிருந்தார்கள். நம் லயங்களுக்குத் தனி இலக்கம் கிடையாதே, கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வரும். வந்த கடிதம் மற்றத் தாள்களோடு ஒரு தட்டில் கிடந்தது. அந்தத் தட்டு எங்களுடையது. நாங்கள் அந்த வாரம் வேறு டிவிசனில் வீட்டுக் கணக்கெடுப்பில் நின்றோம். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள். அவனுடைய தகப்பனார் எங்களைத் திட்டவில்லை. "அவனுக்குக் கொடுத்து வைக்கல ஐயா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையன் இப்போது கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயரும் போன் இலக்கமும் அதில் உண்டு. கடிதம் வந்த அன்றே கூப்பிடுகிறோம். இப்போது விண்ணப்பம் எல்லாம் கம்பியூட்டரில்தான், தகவலும் போனுக்கு வருகிறது. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பத்தில் கொடுத்த சிம்மை மாற்றாதீர்கள், அயல்வீட்டார் நம்பரைக் கொடுக்காதீர்கள். உளச்சார்புப் பரீட்சை உள்ள படிப்புகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் பத்திரிகையில் தனியாக விளம்பரம் போட்டுக் கேட்கும். மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பியாயிற்று என்று சும்மா இருந்தால் இந்த இடம் தவறிப்போகும்.

எடுபடுவது எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறோம். மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும், பொது அறிவுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அதன் பிறகு இசட் புள்ளி. பெரும்பாலான படிப்புகளில் 100 இடத்துக்கு 40 முழுத் தீவின் திறமைப்படி, 55 மாவட்டப்படி, மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. கண்டியும் கேகாலையும் இல்லை. "டவுனில் நல்ல ஸ்கூல்" என்று உயர்தரத்துக்கு மாவட்டம் மாற்றுகிறவர்கள், எந்த மாவட்டக் கணக்கில் விழுவோம் என்று அதிபரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். விண்ணப்பத்தில் படிப்புகளை எழுதும் வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழேதான் பார்ப்பார்கள். மிக விரும்புவது முதலில் வர வேண்டும்.

செலவு? முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல உதவி 1981இலிருந்து இருக்கிறது. மாதத் தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயாக்கினார்கள். மகாபொல கிடைக்காதவருக்கு வேறு உதவித்தொகை உண்டு. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அறை வாடகை அதுவரை காத்திருக்காது. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். சீட்டுப் பிடித்துச் சேர்த்தது என்றால் நல்லது, தோட்டை அடகு வைத்து வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளையையும் தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு நாங்களும் போனோம். ஹட்டனில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, விடிய யாழ்ப்பாணம். தகப்பனார் இரண்டு சுவெட்டர் கொண்டு வந்திருந்தார், இறங்கிய உடனே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மலையே இல்லாத ஊரைப் பார்த்து, "எங்க ஐயா நம்ம பார்வை போயி முட்டும்?" என்று கேட்டார். கொக்குவிலில் அறை கொடுத்த அம்மா, "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். புட்டும் சம்பலும் தந்தார். கிணற்றுத் தண்ணீர் நமது பீலித் தண்ணீர் மாதிரி இல்லை, சவர்க்காரம் நுரைக்காது. பிள்ளைகள் முதல் மாதம் அதற்கே அழுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக யாராவது ஒரு சொல் சொல்லலாம், அப்படியும் நடக்கிறது. பகிடிவதை சட்டப்படி குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. வீட்டுக்குச் சொல்லப் பயப்படாத பிள்ளையாக அனுப்பி வையுங்கள்.

பட்டம் எடுத்தால் உடனே உத்தியோகம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. கலைப் பட்டதாரிகள் வருடக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆங்கிலமும் கம்பியூட்டரும் கையில் இருந்தவர்கள் முந்திப் போனார்கள். கலைப்பீடத்தில் தமிழில் படிக்க முடிகிறது என்பது நமக்கு வசதி, அதோடு நின்றுவிட்டால் அதுவே தடை. போகிற பிள்ளை நாலு வருடத்தையும் அதற்கும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

கம்பஸ் கிடைக்காதவர்களுக்கும் கொக்குவிலில் ஒரு வாசல் இருக்கிறது. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி அந்த ஊரில்தான். மலையகத்திலும் இப்படியான கல்லூரிகள் உண்டு. தேசிய தொழில் தகைமை என்ற படிகளில் ஏறி, 5ஆம், 6ஆம் மட்டத்தில் டிப்ளோமா, 7ஆம் மட்டத்தில் பட்டம் வரை போகலாம். அந்தப் பட்டத்துக்கென்று இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பிள்ளைமடுவத்து வாசலில் கேட்ட தாய்க்கு வருவோம். மகளின் உயர்தரப் பாடங்களில் பொருளியல் ஒன்று. "போகட்டும்" என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ராமன், அடையாள அட்டையில் ராமையா, செக்ரோலில் இராமசாமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், பதிவுசெய்கிற இடத்தில் தெரியாது. இதைத் திருத்த வருகிற வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். பெயர்ச் சிக்கல் உள்ள வேறு பிள்ளைகளும் காலைப் பிரட்டு முடிந்ததும் மூலப் பத்திரங்களோடு வாருங்கள், ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகளுடையதையும் கொண்டு வரலாம்.